மேயர்கள் கைமாற்றிய ஊர்: எதுவார் குபேரின் அரசியல்

புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஒரு பிரெஞ்சுக்காரரின் மகன். தாய் இந்தியப் பெண். 1963 ஜூலை 1 அன்று எதுவார் குபேர் அந்தப் பதவியில் அமர்ந்தபோது அவருக்கு 69 வயது முடிய நான்கு வாரம் இருந்தது. 1894 ஜூலை 29இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். முதலமைச்சராவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பாரிஸில் பிரெஞ்சு தேசிய சபையின் உறுப்பினர். இந்திய முதலமைச்சர்களில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்று கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர். பெரிய மார்க்கெட்டின் அதிகாரபூர்வப் பெயரும் குபேர் அங்காடி. பெயர் இப்படி ஊர் முழுக்கப் பரவியிருந்தாலும் ஆளைப் பற்றிய பேச்சு இரண்டு வரிக்குள் முடிந்துவிடும். ஒரு சாராருக்கு அவர் புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த தலைவர். இன்னொரு சாராருக்கு, குறிப்பாக இடதுசாரிகளுக்கு, கடைசி நிமிடத்தில் கட்சி மாறிய பச்சோந்தி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஆளின் மனசாட்சியைத்தான் விசாரிக்கின்றன. அவர் கையில் இருந்த எந்திரத்தை விசாரிப்பதில்லை. அந்த எந்திரம் கொம்யூன். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிக்கொடுத்த மேயர் ஆட்சி. புதுச்சேரியை 1954இல் இந்தியாவிடம் கொண்டுவந்து சேர்த்தது அதுதான் என்பது என் வாதம்.

குபேர் பிறந்த சமூகத்தைத் தமிழர்கள் சட்டைக்காரர் என்றார்கள். மரியாதையும் கேலியும் கலந்த சொல். ஐரோப்பியத் தந்தை வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை, வீட்டில் பிரெஞ்சு, தெருவில் தமிழ். அலுவலகம், நீதிமன்றம், ராணுவம் என்று அரசாங்க வேலையை நம்பிய குடும்பங்கள் இவர்களில் அதிகம். குபேரும் நீதிமன்ற எழுத்தராக வேலை பார்த்தவர்தான். தோட்டமோ ஆலையோ அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. சட்டமும் மனுவும் முத்திரையும் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியும். பின்னாளில் அதுவே பெரிய முதலாகியது.

அவர் வளர்ந்த காலத்துத் தேர்தல் முறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரெஞ்சிந்தியாவில் ஆண்களுக்கு வாக்குரிமை 1871 முதலே உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் சாதாரணக் குடியானவன் வாக்குச் சீட்டைக் கனவிலும் காணாத காலம் அது. ஆனால் எல்லா வாக்கும் ஒரே எடை இல்லை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி இந்துச் சட்டத்தையும் சாதி வழக்கத்தையும் விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ‘ரெனோன்சான்’ ஆனார்கள். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் வழியினர், ரெனோன்சான், மற்ற இந்தியர். 1899இல் மூன்று இரண்டாகியது. சில நூறு பேர் கொண்ட முதல் பட்டியலும் பல்லாயிரம் பேர் கொண்ட மற்றப் பட்டியலும் சபையில் சம இடங்களைப் பங்கிட்டுக்கொண்டன. குபேர் பிறப்பால் முதல் பட்டியலுக்கு உரியவர். அந்தப் பட்டியல் முறை ஒழிந்து ஒரே பட்டியல் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அவர் மேலெழுந்ததும் அதற்குப் பிறகுதான். இது கவனிக்க வேண்டிய விஷயம். பிறப்பு தந்த சலுகையில் அவர் ஜெயிக்கவில்லை. அந்தச் சலுகை போன பிறகு, தமிழ் வாக்காளர்களின் கூட்டத்தில் இறங்கித்தான் ஜெயித்தார்.

அந்தக் கூட்டத்தை ஆளும் வித்தை புதுச்சேரியில் அவருக்கு முன்பே பழுத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சண்முக வேலாயுத முதலியார், அதாவது பிரெஞ்சு ஆவணங்களின் ‘ஷனமுகம்’, வைதீக இந்துக்களின் தலைவராக இருந்து கவர்னர்களையே ஆட்டிவைத்தார். அவருக்குப் பின் ஆலை முதலாளியான ஹென்றி கெப்லே நீண்ட காலம் மேயராக இருந்தார். தேர்தல் நாளில் தடியும் கல்லும் பறப்பது ஊர் வழக்கம். பாரதி 1908இல் புதுவைக்கு வந்து குடியேறியபோது கண்டதும் இந்த ஊரைத்தான்.

கொம்யூன் என்ன செய்தது? 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணையில் பிரெஞ்சிந்தியாவுக்கு முதலில் பத்து கொம்யூன்கள் வந்தன. 1907இல் அவை பதினேழாயின: புதுச்சேரிக்கு எட்டு, காரைக்காலுக்கு ஆறு, மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு ‘மேரி’, அதாவது நகரமன்ற அலுவலகம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுவது மேரி. பிரெஞ்சுக் குடியுரிமைக்குச் சான்று தேடும் குடும்பங்கள் இன்றும் அந்தப் பழைய பதிவேடுகளைத்தான் புரட்டுகின்றன. வாக்காளர் பட்டியலைத் திருத்துவதும் மேரி. வாக்காளர் அட்டை கொடுப்பதும் மேரி. வாக்குச் சாவடியில் தலைமை நாற்காலியும் மேரியின் ஆளுக்கே. பிரெஞ்சு முறையில் வேட்பாளர் பெயர் அச்சிட்ட சீட்டை உறைக்குள் போட்டுப் பெட்டியில் இடுவார்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஊரில் அந்தச் சீட்டை வாக்காளர் கையில் யார் திணிக்கிறார் என்பதே பாதித் தேர்தல். செத்தவன் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பதா, எதிர்க்கட்சிக்காரன் பெயரை எடுத்துவிடுவதா என்பது மீதிப் பாதி. மேயர் யார் கையிலோ, ஊர் அவர் கையில்.

மேயர்களின் ஊரில் இன்னொரு சக்தி ஆலைகளிலிருந்து எழுந்தது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் காவலர்கள் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அந்த ரத்தத்திலிருந்து எழுந்த கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா. எட்டு மணி நேர வேலையைப் பிரெஞ்சு அரசிடமிருந்து பெற்ற இயக்கம் அவருடையது. 1946இல் புதிதாக அமைந்த 44 பேர் கொண்ட பிரதிநிதித்துவ சபையில் அவருடைய தேசிய ஜனநாயக முன்னணியின் கைதான் ஓங்கியிருந்தது. குபேரின் அரசியல் வாழ்வைச் சுப்பையாவை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. கம்யூனிஸ்ட்டுகள் இல்லாமல் குபேர் இல்லை என்றுகூடச் சொல்லலாம். பிரெஞ்சு நிர்வாகத்துக்குச் சுப்பையாவைத் தடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

1947இல் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி பிறந்தது. குபேர் அதன் முன்னணி முகம். பெயரைத் தவிர சோஷலிசம் அதில் எவ்வளவு இருந்தது என்று கேட்பது வீண். பிரெஞ்சு ஒன்றியத்துக்குள்ளேயே இருப்போம், ஆனால் நம்மை நாமே ஆள்வோம் என்பதே அதன் அன்றைய பேச்சு. அதே ஆண்டு ஆகஸ்டில் அமைந்த ஆட்சிக் குழுவில் குபேருக்கு இடம் கிடைத்தது. அமைச்சர் என்று சொல்லத்தக்க முதல் பதவி அதுதான். 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: எதிர்காலத்தை மக்கள் வாக்கெடுப்பு முடிவு செய்யும்; அதை எப்படி நடத்துவது என்பதை நகரமன்றங்கள் சொல்லும். ஆகவே அந்த அக்டோபரில் நடந்த நகரமன்றத் தேர்தல் வெறும் நகரமன்றத் தேர்தல் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சோஷலிஸ்ட்டுகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடிதடி பற்றிய புகார்கள் குவிந்தன. சந்திரநாகூர் மட்டும் தனி வழி போனது. 1949 ஜூன் 19 வாக்கெடுப்பில் இணைப்புக்கு 7,463 வாக்கு, எதிராக 114. புதுச்சேரியில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1950இல் சுப்பையாவின் வீடு தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள் வாக்காளர் பட்டியலையும் ஊரின் சூழலையும் பார்த்துவிட்டு, இந்த நிலையில் நேர்மையான வாக்கெடுப்பு நடக்க வழியில்லை என்ற கருத்தையே சொன்னார்கள்.

அதே 1951இல் பாரிஸுக்கான தேர்தல். பிரெஞ்சிந்தியாவுக்கு தேசிய சபையில் ஒரே ஓர் இடம். 1946 முதல் அதில் இருந்தவர் லாம்பேர் சரவான். அவர் இந்தியாவின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தார். அந்த இடத்தைக் குபேர் பிடித்தார், அதுவும் நம்ப முடியாத அளவு வித்தியாசத்தில். பிரான்சுக்கு மகிழ்ச்சி. பிரெஞ்சிந்திய மக்கள் பிரான்சோடு இருக்கவே விரும்புகிறார்கள் என்று உலகத்துக்குக் காட்ட ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கை எழுதிய கை மூன்றே ஆண்டில் வேறு கணக்கு எழுதும் என்று பாரிஸ் நினைக்கவில்லை.

ஏன் எழுதியது? இங்கே தங்கம் வருகிறது. புதுச்சேரிக்கும் இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒன்றியம் 1949இல் முறிந்தது. புதுச்சேரி தீர்வையில்லாத் துறைமுகமாக நின்றது. சுற்றிலும் இந்தியச் சுங்கச் சாவடிகள். தங்கம், வைரம், கைக்கடிகாரம், சீமைத் துணி எல்லாம் சட்டப்படி கப்பலில் வந்து இறங்கும். சட்டத்துக்குப் புறம்பாக வயல்வரப்பில் நடந்து கடலூர்ப் பக்கம் போகும். புதுவையில் திடீர்ப் பணக்காரர்கள் தோன்றிய காலம் அது. அந்தப் பணத்தோடு சோஷலிஸ்ட் தலைவர்களின் பெயர் சேர்த்துப் பேசப்பட்டது. 1953–54 வாக்கில் பிரெஞ்சு அதிகாரிகளே குபேர் தரப்பின் விவகாரங்களைக் கிளறத் தொடங்கினார்கள் என்றும், வழக்கு நெருங்குவதைப் பார்த்துத்தான் அவர் தாவினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் இந்தியா எல்லையில் பிடியை இறுக்கியது. அரிசியும் பெட்ரோலும் நடமாட்டமும் தடைபடத் தொடங்கின. வியாபாரத்தால் வாழ்ந்த ஊருக்கு வியாபாரமே நின்றது.

பயத்தால் தாவினாரா, ஊரின் போக்கைப் புரிந்துகொண்டு தாவினாரா என்று இன்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டும் இருந்திருக்கும். ஆனால் அவர் தாவிய விதம் முக்கியம். தனி ஆளாகத் தாவவில்லை, மேயர்களோடு தாவினார்.

1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன்கள் அடுத்தடுத்துத் தீர்மானம் போட்டன: வாக்கெடுப்பு வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைய வேண்டும். நகரமன்றங்கள் விரும்பும் முறையில் வாக்கெடுப்பு என்பது பிரான்ஸே 1948இல் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. இப்போது அதே நகரமன்றங்கள் வாக்கெடுப்பே வேண்டாம் என்றன. பிரான்ஸ் கட்டிய தேர்தல் எந்திரம் பிரான்ஸின் முகத்துக்கு நேராகத் திரும்பியது. மார்ச் மாத இறுதியில் குபேரும் ஆதரவாளர்களும் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றித் தற்காலிக அரசு அமைத்தார்கள்.

நெட்டப்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. இடையிடையே தென்னார்க்காட்டு ஊர்கள் புகுந்த பல துண்டுகள். நகரத்திலிருந்து நெட்டப்பாக்கம் பக்கம் போனவர்களுக்கு இது கண்கூடு: பேருந்து கொஞ்ச தூரம் தமிழ்நாட்டில் ஓடும், பிறகு புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு. சாராயக் கடை தென்பட்டால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம். 1954இல் இந்த நிலவமைப்பு பிரெஞ்சுப் போலீஸைக் கட்டிப்போட்டது. நெட்டப்பாக்கத்துக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் இந்திய மண்ணைக் கடக்க வேண்டும், இந்தியா வழிவிடாது. கொடி ஏறிய இடத்தில் அதை இறக்க யாராலும் போக முடியவில்லை. பக்கத்து மடுகரையைச் சேர்ந்த வெங்கடசுப்பா ரெட்டியாரின் செல்வாக்கும் அந்த வட்டாரத்தில் பெரியது. இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

மே 7இல் வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் பூ விழுந்தது. ஜூனில் மாந்தெஸ்-பிரான்ஸ் பிரெஞ்சுப் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போருக்கு முடிவு கட்டினார். ஜூன் 13இல் ஏனாமும் ஜூலை 16இல் மாஹேயும் பிரெஞ்சுக் கையிலிருந்து போயின. இந்தோசீனத்தை விட்டு வெளியேறும் நாடு புதுச்சேரிக்காக எவ்வளவு நாள் மல்லுக்கு நிற்கும்?

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. மக்கள் வாக்கெடுப்பை இந்தியா ஏற்காது. கண்டுபிடித்த வழி: மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கேட்போம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரமன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170. எதிர்ப்பு 8. மூன்று நாள் கழித்து தில்லியில் உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையர்.

இந்த 170 பேரை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் குபேரின் கட்சி கோலோச்சிய காலத்தில், எந்தத் தேர்தலை இந்தியா ‘மோசடி, குண்டாயிசம்’ என்று கண்டித்ததோ அந்தத் தேர்தல்களில் வந்தவர்கள். அன்று அவர்கள் மக்களின் பிரதிநிதிகளே இல்லை என்று தில்லி சொன்னது. 1954இல் அவர்களுடைய வாக்கே மக்கள் சம்மதம் என்று தில்லியும் பாரிஸும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. புதுச்சேரி மக்கள் இணைப்பை விரும்பவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மில் தொழிலாளர், மாணவர், கிராமத்தார் என்று பல ஆண்டு போராடியவர்கள் ஏராளம். ஆனால் அந்த விருப்பத்தை எண்ணிப் பார்த்த பெட்டி கீழூரில் இருந்தது, அந்தப் பெட்டிக்கு வாக்காளர்களைச் சேர்த்தவர் குபேர்.

வேறு நாடுகளில் குபேரைப் போல வெளிநாட்டு வேர் உள்ளவர்கள் அமைச்சரானால் செய்தியின் முதல் வரியே பிறப்புதான். புருண்டியில் பிறந்து, அகதிக் குடும்பத்தோடு பன்னிரண்டு வயதில் சுவீடன் வந்த நியாம்கோ சபூனி 2006இல் அங்கே ஒருங்கிணைப்புத் துறை அமைச்சரானபோது அப்படித்தான் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த கரி ஆனந்தசங்கரி 2023இல் கனடா அமைச்சரானபோது தமிழ் இதழ்கள் அவருடைய பிறந்த ஊரைக் கொண்டாடின. குபேர் விஷயத்தில் திசை நேர்மாறு. ஆண்ட இனத்தின் மகன், ஆளப்பட்டவர்களின் அரசில் தலைமைக்கு வருகிறார், அதுவும் விடுதலை கிடைத்த சூட்டிலேயே. எதிரிகள் அவர்மேல் சாட்டிய குற்றங்களில் பெரிதாக நிற்பவை கடத்தல், அடியாள் அரசியல், கட்சித் தாவல் ஆகியவையே. தந்தையின் இனம் பின்வரிசையில்தான் நிற்கிறது. சாதியையும் சட்டைக்காரரையும் தெருத் தெருவாகப் பிரித்து வாழ்ந்த ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. இதை ஊரின் பெருந்தன்மை என்று எழுதிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எண்பது ஆண்டுத் தேர்தல் அரசியல் ஊருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது: இவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதைவிட மேரியில் இவருக்கு எத்தனை பேர் என்பதே காரியத்துக்கு உதவும்.

இணைப்புக்குப் பிறகு குபேர் காங்கிரஸில் கரைந்தார். கரைந்தார் என்பதுகூடத் தவறு. தன் ஆட்களோடு உள்ளே போய்த் தனிக் கோஷ்டியாக நின்றார். எதிர்க் கோஷ்டி வெங்கடசுப்பா ரெட்டியாருடையது. சட்டப்படியான இணைப்பு இழுத்துக்கொண்டே போனது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதைத் தொடவில்லை. 1962 ஆகஸ்ட் 16இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தப்படி புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அப்படிக் கொடுத்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த தமிழ்ச் சொல்தாக்கள். பிரெஞ்சுக்காரரின் மகன் இந்தியரானார். முழுத் தமிழ்க் குடும்பங்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே நின்றன.

முதலமைச்சர் பதவி குபேருக்கு ஓராண்டு சொச்சம்தான் நிலைத்தது. புதிதாகத் தேர்தல் நடத்தி வந்த சட்டமன்றமும் அல்ல அது. பழைய சபையையே 1963இல் சட்டமன்றமாக மாற்றியிருந்தார்கள். 1964 ஆகஸ்டில் முதல் தேர்தல் நடந்தது. 30 இடங்களில் காங்கிரஸுக்கு 22. ஆனால் முதலமைச்சர் நாற்காலி மடுகரை ரெட்டியாருக்குப் போனது. இந்தியத் தேர்தல் முறையில் மேரிக்கு வேலை இல்லை. வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்திடம். வாக்குச் சாவடி அரசு ஊழியரிடம். கட்சிச் சீட்டு மேலிடத்திடம். குபேருக்குப் பழக்கமான கருவிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. அவருக்குப் பின் அந்த அளவு செல்வாக்கோடு ஒரு பிரெஞ்சுக் கலப்பினத்தவர் புதுவை அரசியலில் எழவில்லை. 1979 ஆகஸ்டில் இறந்தார்.

அவரை ஏணியாக ஏற்றிவிட்ட நகரமன்றங்களின் கதை அவருடையதைவிட மோசம். 1968க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டு நடக்கவில்லை. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2006இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு அறிவிப்புகள் வந்தன, இடஒதுக்கீட்டு வழக்குகள் வந்தன, தேர்தல் வரவில்லை. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த கடற்கரை மேரி கட்டடத்தைப் பழைய மாதிரியே எழுப்பி 2021இல் திறந்துவிட்டார்கள். 1880இலேயே கொம்யூன் கண்ட ஊரில் இன்று தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுக்காத ஆணையர்கள். குபேர் காலத்து மேரி அடாவடியானது, பட்டியலில் செத்தவர்களை வைத்திருந்தது, எல்லாம் சரி. அதற்கு மருந்து நேர்மையான உள்ளாட்சித் தேர்தல். அதை நடத்தும்படி புதுவை வாசகர்கள் தங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வை அடுத்த முறை பார்க்கும்போது கேட்க வேண்டும்.